இறங்கிப்போன சந்துத் தளத்தை நட்டைத் திருகித் தூக்கிய விவரம்

எங்கள் வீட்டுப் பக்கச் சந்தில் மழைத்தண்ணீர் இப்போது மதில் பக்கம் ஓடுகிறது. பல வருடமாக அது சுவர் பக்கம்தான் ஓடி, அங்கேயே தேங்கி, பேஸ்மட்டத்தில் பாசி பிடிக்க வைத்துக்கொண்டிருந்தது. சந்தில் போட்ட கான்கிரீட் தளம் சுவரோரமாக இறங்கிவிட்டதுதான் காரணம். அதை உடைக்காமல் தூக்க முடியுமா என்று பார்க்கப் போய், கடைசியில் ஜாக்கிகூட இல்லாமல், திரெட் ராடும் (நீளம் முழுக்க மரை போட்ட கம்பி) நட்டும் ஸ்பேனரும் வைத்தே தூக்கி, அடியில் கலவை ஊற்றி நிறுத்தியாயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டியும் நிற்கிறது. நாலு பாளத்தில் இரண்டைத்தான் தூக்கினேன். ஒன்றை உடைத்துப் போட வேண்டியதாயிற்று, இன்னொன்றை வேண்டுமென்றே இருக்கிறபடி விட்டேன். எதை ஏன் அப்படிச் செய்தேன் என்பதுதான் இங்கே உபயோகமான சேதி.

வீடு திருச்சிக்கு வெளியே. உய்யக்கொண்டான் வாய்க்கால் பாசனத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்த இடம். மேலே கிராவல், அடியில் சேறு போன்ற களிமண். மனையை ரோடு மட்டத்துக்கு உயர்த்த மூன்றடி கிராவல் அடித்தோம். அறைகளுக்குள் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கினார்கள். வெளியே அஸ்திவாரக் குழிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியை மட்டும், கிடைத்ததைத் தள்ளி மூடிவிட்டார்கள். அனேகமாக எல்லா வீட்டிலும் இதே கதைதான். பார்வைக்குத் தெரியாத இடத்தில் யார் திமிசு போடுகிறார்கள்? அதனால் சந்துத் தளத்தில் மதில் பக்கப் பாதி கெட்டி மண்ணிலும், சுவர் பக்கப் பாதி பொதபொதப்பான மண்ணிலும் உட்கார்ந்திருந்தது. சுவர் பக்கம் இறங்கியதில் ஆச்சரியமே இல்லை.

சந்தின் அகலம் 3½ அடி, நீளம் 30 அடி. கனம் 4 இன்ச் என்று பேச்சு. பிறகு துளை போட்டபோது சில இடத்தில் மூன்றரை, சில இடத்தில் நாலேகால் இருந்தது. ஜாயின்ட் விடாமல் ஒரே நீளமாகப் போட்டிருந்தார்கள். நாம் விடாவிட்டால் என்ன, தளம் தானே மூன்று இடத்தில் வெடித்து ஜாயின்ட் போட்டுக்கொண்டது. இப்படி நாலு பாளம் ஆயிற்று. கேட் பக்கமிருந்து எண்ணினால் 7½ அடி, 8 அடி, 6½ அடி, கடைசியில் துவைக்கிற கல் இருக்கும் 8 அடிப் பாளம்.

அளவெடுக்க டியூப் லெவல்தான் (தண்ணீர் நிரப்பிய டியூப்) பிடித்தேன். ரசமட்டத்தை இரண்டடி பலகையில் வைத்துப் பார்த்தால் 30 அடி நீளத்துக்குப் பிசகு சேர்ந்துகொண்டே போகும். சுவரில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் கோடிழுத்து, கோட்டிலிருந்து தளம்வரை ஒவ்வொரு இரண்டடிக்கும் டேப் பிடித்துக் குறித்துக்கொண்டேன். ஆரம்பத்தில் மூன்றரை அடிக்கு முக்கால் இன்ச் வாட்டம் மதில் பக்கம் கொடுத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் சுவரோரம் முதல் பாளம் அரை இன்ச், இரண்டாவது 2¼ இன்ச், மூன்றாவது 1¾, நாலாவது 1½ இறங்கியிருந்தது. அந்தப் பென்சில் கோடுகளை வேலை முடியும்வரை அழிக்கவில்லை. கடைசி வரைக்கும் அதுதான் கைகொடுத்தது.

அப்புறம் கடப்பாரையின் தலைப்பக்கத்தால் அரை அடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போனேன். கெட்டியான இடத்தில் கனத்த சத்தம், அடியில் காலியாக இருக்கிற இடத்தில் பானையைத் தட்டியது போலக் கேட்கும். காலி இடத்தைச் சாக்பீஸால் சுற்றி வரைந்தேன். இரண்டாவது பாளத்தில் சுவரிலிருந்து 1¾ அடி வரைக்கும் அடியில் ஒன்றுமே இல்லை. அதாவது பாதிப் பாளம் அந்தரத்தில். மூன்றாவது பாளம் தட்டும்போதே நாலைந்து துண்டாக ஆடியது.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உடைச்சுப் போட்டுரலாம் சார், தொல்லை விட்டுச்சு" என்றார். உடைத்து, சல்லி அப்புறப்படுத்தி, மண் நிரப்பி, புதிதாகப் போட 26,000 ரூபாய். வேறொருவர் மேலேயே ஒரு கோட் போட்டு மட்டம் செய்துவிடலாம், 9,000 போதும் என்றார். சுவரோரம் 2¼ இன்ச், மதிலோரம் ஒன்றுமில்லை என்று மெலிந்துகொண்டே போகிற பூச்சு ஓரத்திலிருந்து உரியாமல் இருக்காது. கூடவே, அந்தரத்தில் நிற்கிற தளத்தின் மேல் இன்னும் பாரம் ஏற்றுவதாகவும் ஆகும். பாலியூரித்தேன் ஃபோம் ஏற்றித் தளத்தைத் தூக்கும் முறை ஒன்று இருக்கிறது, தொழிற்சாலைத் தரைகளுக்குச் செய்கிறார்கள். ஒரு சந்துக்கு அது கட்டுபடியாகாது.

தூக்குவதற்கு முன்னால் மண் எங்கே போனது என்று தெரிய வேண்டும். இரண்டு திருடர்கள் அகப்பட்டார்கள்.

முதலாவது மாடித் தண்ணீர். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அதற்குப் பிறகு கட்டிய வீடுகளில் குழி எப்படியும் இருக்கும், ஆனால் அதைத் தூர் வாருகிறவர்கள் குறைவு. எங்கள் குழியில் வண்டல் முக்கால்வாசி அடைத்திருந்தது. மாடியிலிருந்து வரும் 4 இன்ச் பைப் தளத்துக்கு அடியில் திரும்பும் இடத்தில் எல்போ கழன்று வாய் பிளந்திருந்தது. மழை பெய்யும்போதெல்லாம் மொட்டைமாடித் தண்ணீர் முழுவதும் மூன்றாவது பாளத்துக்கு அடியில் கொட்டியிருக்கிறது. குழியைத் தூர் வாரி, பைப்பைத் தளத்துக்கு மேலேயே சுவரோடு கிளாம்ப் அடித்துக் கொண்டுபோய் விட்டோம். பைப்பும் பிளம்பர் கூலியும் 2,150 ரூபாய்.

இரண்டாவது பெருச்சாளி. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இரண்டு வளை. எது புழங்குகிற வளை என்று தெரிய, ராத்திரி எல்லா வாயிலும் பேப்பரைக் கசக்கி அடைத்து வைத்தேன். காலையில் தள்ளிக் கிடந்ததுதான் ஆள் இருக்கிற வளை. பொறி வைத்து அதைக் காலி செய்த பிறகு, வாயில் பாட்டில் கண்ணாடித் துண்டுகளும் கெட்டிக் கலவையும் திணித்து அடைத்தேன். வளை உள்ளே எங்கெங்கே போகிறது என்பது அப்போது தெரியாது. பின்னால் தெரிய வந்தது.

இனி தூக்குகிற கதை. 8 அடி நீளம், 3½ அடி அகலம், 4 இன்ச் கனம் என்றால் ஒன்பதே கால் கன அடி சொச்சம். கான்கிரீட் ஒரு கன அடி ஏறக்குறைய 68 கிலோ. ஆக 635 கிலோ. மதில் பக்க விளிம்பு தரையிலேயே கீல் மாதிரி உட்கார்ந்திருக்க, சுவர் பக்க விளிம்பை மட்டும் தூக்குவதால் நாம் சுமப்பது அதில் பாதி, 320 கிலோ. கார் ஜாக்கியே போதும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பாளத்தின் மூலையில் ஓரடிக் குழி தோண்டி, பலகை போட்டு, 2 டன் ஜாக்கியை வைத்து ஏற்றினேன். ஜாக்கி இரண்டு இன்ச் எழுந்தது, பலகை இரண்டு இன்ச் களிமண்ணில் இறங்கியது. பாளம் அசையவில்லை. அகலப் பலகை போட்டதும் பலகை நின்றது, ஆனால் பாளத்தின் மூலை உள்ளங்கை அளவுக்குச் சில்லு பெயர்ந்தது. சுவரோரமாக இப்படி நாலு குழி தோண்ட வேண்டும் என்பதும் பிடிக்கவில்லை. அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டியதால்தானே இவ்வளவும்.

கீழிருந்து தள்ள முடியாவிட்டால் மேலிருந்து இழுக்கலாம். முதலில் 12 மி.மீ. ஆங்கர் ஃபாஸ்ட்னர் (துளைக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் போல்ட்) ஒன்றைப் பாளத்தில் அடித்து முறுக்கிப் பார்த்தேன். அது கூம்பு வடிவத்தில் கான்கிரீட்டையும் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. மேல்பாகத்தைப் பிடித்து இழுத்தால் அப்படித்தான் ஆகும். பாளத்தின் அடியைப் பிடிக்க வேண்டும். அடியில்தான் காலி இடம் இருக்கிறதே!

வெல்டிங் பட்டறைத் தம்பியிடம் போய், 12 மி.மீ. திரெட் ராடை ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையில் 3 இன்ச் நீளம், முக்கால் இன்ச் அகலம், 10 மி.மீ. கனமுள்ள பட்டையைக் குறுக்கே வைத்து வெல்டு அடித்து வாங்கினேன். பார்க்க 'T' மாதிரி இருக்கும். பாளத்தில் சுவரிலிருந்து எட்டு இன்ச் தள்ளி, 20 மி.மீ. பிட் போட்டு நாலு துளையை வரிசையாகப் பக்கம் பக்கமாகப் போட்டு, நடுவில் மிச்சமிருந்ததை உளியால் தட்டினால் 3¼ இன்ச் நீளத்துக்கு ஒரு பிளவு கிடைக்கும். ராடை அதற்குள் இறக்கி, கால் திருப்பு திருப்பினால் பட்டை பாளத்துக்கு அடியில் குறுக்காக மாட்டிக்கொள்ளும். சாவியைப் பூட்டுக்குள் விட்டுத் திருப்புகிற அதே வேலை. துளை போட ஹில்டி மெஷினை ஒரு நாளைக்கு 500 ரூபாய் வாடகைக்கு எடுத்தேன்.

மேலே பாளத்தின் நீளவாக்கில், முக்கால் இன்ச் இடைவெளி விட்டு இரண்டு 75 மி.மீ. சேனல் ('ப' வடிவ இரும்புச் சட்டம்), ஒவ்வொன்றும் 10 அடி. இரு முனையும் பக்கத்துப் பாளங்களின் மேல், இரண்டு சாலிட் பிளாக் அடுக்கி அதன் மேல். பிளாக்குக்கு அடியில் மூன்றடிப் பலகையைக் குறுக்கே போட்டுவிட வேண்டும். பக்கத்துப் பாளமும் சுவரோரம் காலிதான், பாரம் கெட்டியான பாதிக்குப் போய்ச் சேர வேண்டுமே. ராடு இரண்டு சேனலுக்கு நடுவில் மேலே வரும். அதன் மேல் 4 இன்ச் சதுரத் தகடு, வாஷர், நட்டு. இரண்டு ராடுக்கு நடுவில் நாலரை அடி.

12 மி.மீ. ராடில் ஒரு சுற்றுக்கு 1.75 மி.மீ. உயரும். கிரீஸ் தடவிவிட்டால் 19 நம்பர் ஸ்பேனரை ஒரு கையால் திருப்பலாம், மூச்சுப் பிடிக்க வேண்டியதே இல்லை. ஜாக்கியில் ஒரு அழுத்துக்கு எவ்வளவு எழும் என்று நம் கையில் இல்லை. நட்டில் அரை மில்லி வேண்டுமென்றாலும் கொடுக்கலாம். இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த சங்கதி இதுதான்.

ஆனால் முதலில் திருகியபோது பாளம் வரவில்லை. சேனல்தான் லேசாக வளைந்தது. இன்னும் இரண்டு சுற்று போட்டதும் 'டப்' என்று ஒரே தாவலில் 5 மி.மீ. எழுந்தது. கூட வேலை செய்த என் மச்சான் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினார். பாளம் மூன்று பக்கமும் சிக்கியிருந்ததுதான் காரணம். சுவர்ப் பூச்சோடு ஒட்டியிருந்தது. வெடிப்புகளில் சிறுகற்கள் விழுந்து ஆப்பு மாதிரி இறுகியிருந்தன. மார்பிள் கட்டர் பிளேடு 30 மி.மீ. ஆழத்துக்குத்தான் போகும். சுவரோரம் அந்த அளவுக்கு வெட்டி, மிச்சத்தை நீள உளியால் தட்டி, 10 மி.மீ. சந்து எடுத்தேன். வெடிப்புகளிலிருந்து கல்லை வளைத்த கம்பியால் நோண்டி, புளோவரால் ஊதினேன். தண்ணீர் விட்டுக் கழுவினால் மண் சேறாகி மறுபடியும் உள்ளேதான் போகும். மதில் பக்கத்தையும் மறக்கக் கூடாது. பாளம் அடி விளிம்பில் கீல் போல நின்று திரும்பும்போது மேல் விளிம்பு மதிலை நோக்கி நகரும். 4 இன்ச் கனத்துக்கு 2¼ இன்ச் தூக்கினால் கணக்குப்படி 5 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. அங்கே இடைவெளி இல்லாவிட்டால் நட்டுக்கு அத்தனை பாரமும் வரும், இல்லையென்றால் மதில் பூச்சு வெடிக்கும்.

சிக்கலெல்லாம் விடுவித்த பிறகு, இந்த ராடில் இரண்டு சுற்று, அந்த ராடில் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றிப் போட்டோம். ஒரே ராடில் அதிகம் போட்டால் பாளம் முறுக்கிக்கொண்டு நடுவில் வெடிக்கும். ராடு சுவரிலிருந்து எட்டு இன்ச் தள்ளி இருப்பதால், சுவரோரம் 2¼ இன்ச் எழ ராடில் இருபத்தாறு, இருபத்தேழு சுற்று. பென்சில் கோட்டுக்குச் சரியாக வந்ததும் அமுங்குவதற்காக 3 மி.மீ. கூடுதலாக ஏற்றி நிறுத்தினேன். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் தூக்குகிற வேலை முடிந்துவிட்டது. அதற்கு முன்னும் பின்னும்தான் வேலை.

தூக்கிய பாளம் இப்போது இரண்டு கம்பியில் தொங்குகிறது. அடியை நிரப்பாவிட்டால் அது வெறும் வித்தைதான். கலவைக்கு எம்-சாண்டை முதலில் கலந்து பார்த்தேன். முனைமுனையாக இருப்பதால் புனல் கழுத்திலேயே மாட்டிக்கொண்டது. பூச்சு வேலைக்குப் போடும் பி-சாண்டைச் சலித்துப் போட்டதும் வழிந்தது. சிமெண்ட் ஒரு சட்டி, ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) இரண்டு, பி-சாண்ட் நாலு. ஃபிளை ஆஷ் செங்கல் செய்கிற இடத்தில் அந்தச் சாம்பல் மூட்டை 60 ரூபாய்க்குக் கிடைத்தது. அது இருந்தால் கலவை சறுக்கிக்கொண்டு ஓடும், தண்ணீரும் தனியாகப் பிரியாது. இது வலுவுக்காகப் போடுகிற கான்கிரீட் இல்லை, மண்ணைவிடக் கெட்டியாக இருந்தால் போதும். சிமெண்டை அள்ளிப் போட வேண்டியதில்லை.

ஓரங்களைக் கெட்டிக் கலவையால் அடைத்து, காற்று வெளியேற அங்கங்கே விரல் அளவு வழி விட்டேன். ராடு நிற்கும் பிளவின் ஒரு பக்கத்தில் ஒன்றரை இன்ச் பிவிசி பைப்பை மூன்றடி உயரத்துக்கு நிறுத்தி, தலையில் தண்ணீர் கேனை அறுத்துச் செய்த புனல். ஒரு வழியில் கலவை எட்டிப் பார்த்தால் அதைத் துணியால் அடைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

ஊற்றிக்கொண்டே இருக்கும்போது நட்டுக்கு அடியில் வாஷர் தளர்ந்து ஆடியது. பாளம் தானாகவே 2 மி.மீ. எழுந்திருந்தது! கணக்குப் போட்டால் தெரிகிறது. 4 இன்ச் பாளம் தன் அடியில் சதுர செ.மீ.க்கு வெறும் 24 கிராம் பாரத்தைத்தான் கொடுக்கிறது. மூன்றடி பைப்பில் நிற்கிற கலவை அதைப் போல ஆறு மடங்குக்கு மேல் அழுத்தும். ஓரமெல்லாம் அடைபட்டு அடியெல்லாம் நிரம்பினால் புனலே தூக்கிவிடும். பம்ப் வைத்துத் தளம் தூக்குகிறவர்கள் நம்பியிருப்பதும் இதைத்தான். எனக்கு அது வேண்டாம். நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பைப்பை ஓரடியாக அறுத்துவிட்டு மிச்சத்தை ஊற்றினேன்.

பாளத்தைத் தூக்கியதால் உண்டான இடம் கணக்குப்படி 2.6 கன அடி. முன்பே காலியாக இருந்ததையும் சேர்த்து நாலு வரும் என்று வைத்திருந்தேன். நாலு போயிற்று, நிரம்பவில்லை. ஐந்து போயிற்று. அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, எங்க மல்லிகைப் பாத்தியில சிமெண்டுப் பால் வருதுப்பா" என்று கூப்பிட்டார். பெருச்சாளி மதில் அஸ்திவாரத்துக்கு அடியில் வழி வைத்திருக்கிறது. ஓடிப்போய் அந்தப் பக்க வாயைச் சாக்கால் அடைத்து, செடியின் காலிலிருந்து கலவையை வழித்து எடுத்துத் தண்ணீர் ஊற்றினோம். மல்லிகை பிழைத்துக்கொண்டது. இந்தப் பக்கம் தோசை மாவுப் பதத்துக்குக் கொஞ்சம் கெட்டியாகக் கலந்து ஒரு சட்டி ஊற்றி, அது இறுகும்வரை ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி நீர்க்கக் கலந்து ஊற்றினோம். மொத்தம் ஐந்தரை கன அடி. சிமெண்ட் ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு.

சேனலை மூன்று நாள் அப்படியே விட்டுக் கழற்றினால், ராடு இரண்டும் கலவைக்குள் இறுகிவிட்டன. பட்டை அடியில்தானே இருக்கிறது, வராது. தள மட்டத்துக்கு அரை இன்ச் கீழே கிரைண்டரால் அறுத்துவிட்டு மேலே பூசிவிட்டேன். நாலாவது பாளத்துக்கு இதை மாற்றிக்கொண்டேன். பட்டையின் மேல் ராடுக்குப் பதிலாக ஒரு நட்டை வெல்டு அடித்து, ராடை அதில் திருகிக்கொள்வது. நட்டு பிளவுக்குள் உட்கார்ந்துகொள்ளும். வேலை முடிந்ததும் ராடை எதிர்ப்பக்கம் திருகினால் வெளியே வந்துவிடும், பட்டையும் நட்டும் மட்டும் பூமிக்கு. மேல் நட்டைத் திருகும்போது ராடும் சேர்ந்து சுற்றாமல் இருக்க, ராடின் தலையில் இரண்டு பக்கம் தட்டையாகத் தேய்த்து இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். கலவை படுகிற இடத்தில் ராடுக்கு கிரீஸ் தடவி பாலிதீன் சுற்றிவிட்டேன்.

நாலாவது பாளம் தகராறு இல்லாமல் எழுந்தது. அதற்கு அடியில் சமையலறைக் கழிவுநீர் பைப் போகிறது. ஊற்றிய கலவை பைப்புக்குள் போய் இறுகினால் தளத்தை மட்டுமில்லை, வீட்டையே நோண்ட வேண்டியிருக்கும். அதனால் முன்கூட்டியே சேம்பரை (கழிவுநீர் பைப் போய்ச் சேரும் தொட்டி) திறந்து வைத்து, சிங்க்கில் தண்ணீர் விட்டு, போன அளவு அப்படியே வருகிறதா என்று பார்த்தேன். ஊற்றும்போது மச்சான் சேம்பர் அருகிலேயே உட்கார்ந்து சாம்பல் நிறத்தில் ஏதாவது வருகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை.

முதல் பாளத்தைத் தூக்கவில்லை. அரை இன்ச் இறங்கியும் மதில் பக்கம் கால் இன்ச் வாட்டம் மிச்சம் இருந்தது, தண்ணீர் நிற்கவில்லை. தூக்குவதற்கு வெட்டுகிற வெட்டும் போடுகிற துளையும் அதற்குத் தேவையில்லாத தொல்லை. மூன்று சின்னத் துளை போட்டு, காலியாக இருந்த இடத்தை ஓரடி பைப்பில் நிரப்பியதோடு சரி. இரண்டு சட்டிதான் பிடித்தது.

மூன்றாவதை மேஸ்திரியிடம் விட்டேன். அது துண்டு துண்டாகிவிட்டதால் இரண்டு இடத்தில் பிடித்து இழுத்தாலும் மற்ற துண்டுகள் கூட வராது. உடைத்தபோது உள்ளே சிமெண்ட் சாக்கு, தேங்காய் மட்டை, ஒரு உடைந்த சாந்துச் சட்டி. ஒன்றரை அடி தோண்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கிராவலை ஆறு இன்ச் ஆறு இன்ச்சாகப் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டோம். அதன் மேல் 3 இன்ச் 1:4:8 கான்கிரீட் (சிமெண்ட், மணல், ஜல்லி விகிதம்), அதற்கு மேல் 4 இன்ச் 1:2:4. இரு பக்கமும் பழைய பாளத்தோடு ஒட்டாமல் தெர்மாகோல் பட்டை வைத்தோம். ஒரு வாரத்துக்கு மேல் ஈரச்சாக்கு போட்டு வைத்தேன்.

கடைசியாகச் சுவரோரம் இருந்த 10 மி.மீ. சந்து. அதைச் சிமெண்டால் அடைத்தால் அடுத்த கோடையிலேயே வெடித்து, தண்ணீர் மறுபடி அதே வழியில் இறங்கும். அடியில் ஃபோம் ராடு திணித்து, மேலே ரப்பர் மாதிரி நெளிந்து கொடுக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட். இரண்டு டியூப் 900 ரூபாய். விலை அதிகம்தான், ஆனால் இந்த வேலையில் கஞ்சத்தனம் செய்யக் கூடாத இடம் இது.

செலவு: ராடு 240, பட்டை வெல்டிங் 450, சேனல் வாடகை 600, ஹில்டி வாடகை இரண்டு முறை சேர்த்து 1,000, மார்பிள் பிளேடு 280, சிமெண்ட் ஐந்து மூட்டை 2,000, ஃபிளை ஆஷ் 300, பி-சாண்ட் 1,500, ஜல்லி 900, கிராவல் அரை லோடு 1,800, மேஸ்திரியும் சித்தாளும் 3,600, சீலன்ட் 900, பைப் வேலை 2,150. மொத்தம் 15,720 ரூபாய். என் கூலியும் மச்சான் கூலியும் இதில் இல்லை. 26,000 கேட்ட மேஸ்திரியோடு ஒப்பிட்டால் பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது பாளமும் பைப்பும் தனி. இரண்டு பாளத்தைத் தூக்கி நிறுத்த மட்டும் ஆனது சுமார் ஆறாயிரம்.

மழைக்குப் பிறகு டியூப் லெவல் பிடித்துப் பார்த்ததில் இரண்டாவது பாளம் ஒரு மூலையில் 2 மி.மீ. இறங்கியிருக்கிறது. நான் கூட்டி வைத்த மூன்றுக்குள்தான் அது. நாலாவது அசையவில்லை.

அடுத்த முறை செய்தால் 8 அடிப் பாளத்துக்கு மூன்று ராடு போடுவேன். இரண்டு ராடுக்கு நடுவில் பாளம் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கிறது, தூக்கியபோதா முன்பே இருந்ததா என்று தெரியவில்லை. பிளவை ஹில்டியில் நாலு துளையாகப் போடுவதற்குப் பதில் கோர் கட்டிங்காரரிடம் கொடுத்தால் விளிம்பு பெயராது. மூன்றரை இன்சுக்குக் குறைவான கனமிருந்தால் இந்த வழிக்கே போக மாட்டேன், பட்டை கான்கிரீட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். காலமும் மாற்றுவேன். நான் செய்தது ஆடி, ஆவணியில், களிமண் காய்ந்து சுருங்கியிருந்த சமயம். மழையில் அது உப்பும். தை, மாசியில் ஈரம் நடுவாக இருக்கும்போது மட்டம் பிடிப்பது நல்லது.

பக்கத்து வீட்டு அக்காவின் சந்தும் இரண்டு இன்ச் இறங்கியிருக்கிறது. அங்கே மேலே டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள், துளை போட்டால் டைல்ஸ் தெறிக்கும். டைல்ஸை ஒரு வரிசை மட்டும் எடுத்துவிட்டுச் செய்யலாமா என்று பார்க்கிறோம். ராடுகளும் தகடுகளும் என்னிடமே இருக்கின்றன, சேனலைத்தான் மறுபடி வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பக்கத்து வளையை அடைக்கணும்.